மூணாம் நம்பர் இஞ்செக்டர்

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருக்கிறார்கள்.
நியூட்ரலில் நிற்கும் வண்டி
ஜுரக்காரியைப் போல் வெடவெடக்கிறது.
கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலை
தானாக ஆடுகிறது.
டேங்கர் வேகன்கள் போகின்றன,
முப்பத்தேழு வரை எண்ணினேன்.
ஊரே ஓடுவதற்கான எண்ணெய்
என் வீட்டுப் பின்பக்கமாகத்தான் போகிறது.
என் வண்டிக்குள் மட்டும்
அது சரியாகப் போய்ச் சேர மாட்டேனென்கிறது.

பங்க் பையன் சொன்னான்:
"ஒரே ஒரு பாட்டில் ஊத்துக்கா,
புது வண்டி கணக்கா பறக்கும்."
முன்னூற்றெண்பது ரூபாய்.
காசிமேட்டில் அந்தக் காசுக்குக்
கடம்பா வாங்கிக் குழம்பு வைத்திருப்பேன்.
ஊற்றினேன். ஃபுல் டேங்க் போட்டேன்.
மணலி, மாதவரம், இரண்டு ஏர்போர்ட் சவாரி.

மகனின் பழைய கணக்கு நோட்டில் இருக்கிறது:
முன்பு, லிட்டருக்குப் பதினாலு புள்ளி ரெண்டு.
பின்பு, பதினைந்து.
நடுக்கம்: "கொஞ்சம் கம்மி" என்று எழுதி,
"கொஞ்சம்" என்பதை அடித்து,
மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

ஆனால் அது அரையாண்டு லீவு வாரம்.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் வரிசை இல்லை.
டயருக்கும் காத்து அடித்திருந்தேன்.
கூடுதலாக ஓடிய அந்த எண்ணூறு மீட்டரை
யார் கணக்கில் எழுதுவது?

அடுத்த டேங்குக்கும் ஒன்று. அதற்கடுத்ததற்கும்.
பதினாலு புள்ளி நாலு.
பதினாலு புள்ளி ஒன்று.
எனக்குப் பிடித்துப்போனது
மூடியைத் திருகும்போது வருகிற வாசனைதான் போல.
ஏதோ செய்துவிட்டோம் என்கிற வாசனை.

மூலக்கொத்தளம் டில்லிபாபு
டிக்கியில் உருண்ட மூன்று காலி பாட்டிலையும் பார்த்தான்.
சிரிக்கவில்லை.
"சோப்பு போட்டுக் குளிக்கலாம் எஸ்தரு,
சோப்பையே துன்னக் கூடாது.
இது அழுக்கைக் கழுவும், பொய் இல்ல.
உடைஞ்சதை இன்னா பண்ணும்?"

நாலு இஞ்செக்டரையும் கழற்றி
நாலு கண்ணாடிக் குழாய் மேல் சொருகி
சுவிட்சைப் போட்டான்.
ஒன்று, இரண்டு, நான்கு:
இஸ்திரிக்காரர் வாய் நிறையத் தண்ணீர் வைத்துப்
புஸ்ஸென்று சட்டை மேல் ஊதுவாரே, அப்படி.
மூன்றாவது,
எங்கள் தெருக் குழாய் விடிகாலை நாலு மணிக்குக்
குடத்தை அவமானப்படுத்துமே, அப்படி.
சொட்டு. அப்புறம் ஒரு சொட்டு.

அதிர்கிற தொட்டியில் அரைமணி நேரம் போட்டெடுத்தான்.
அப்போதும் சொட்டுதான்.
என் மூன்று பாட்டிலும்
ஏற்கெனவே நன்றாயிருந்த மூன்றைத்தான்
திரும்பத் திரும்பக் குளிப்பாட்டியிருக்கின்றன.

புதுசு ரெண்டாயிரத்து நூறு. தவணையில்.
"அப்ப ஊத்தவே கூடாதா?"
"ஊத்து. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தபா.
நல்ல பங்குல போடு.
ரிசர்வுலயே உருட்டாத.
எப்பனா பைபாஸ்ல நல்லா மிதிச்சு ஓட்டு,
அதுவும் ஒரு கழுவல்தான்."
ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே
கொஞ்சம் குரலை இறக்கினான்:
"பத்தாயிரம்னு எங்க மொதலாளி சொன்னாரு.
அவருக்கு யாரு சொன்னாங்களோ."

நோட்டில் எழுதிவிட்டேன்:
அடுத்த பாட்டில், தொண்ணூற்றாறாயிரத்தில்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

இன்றைக்கும் கேட்.
எட்டாவது வேகன் போகும்போது
ஜெபமாலை ஆடியது.
வயிற்றைப் பிசைந்தது எனக்கு.
சாவியைத் திருப்பி
என்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.
ஆடிக்கொண்டுதான் இருந்தது.

வேகனை எண்ண மறந்து
அது ஆடுவதையே
வாயெல்லாம் பல்லாகப் பார்த்திருந்தேன்,
கேட் தூக்கியது தெரியாமல்,
பின்னால் மீன்பாடி வண்டிக்காரர்
என் அம்மாவை விசாரிக்கும் வரை.